கார்டு இருக்கு, அப்புறம்?

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் போனில் பேசுவார்கள். யாராவது ஒரு சீனியர் என் நம்பரைக் கொடுத்திருப்பார். சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, யுடிஐடி கார்டு வந்துடுச்சு. இனிமே காலேஜ்ல எல்லாம் அவங்களே பாத்துப்பாங்கல்ல?"

பார்த்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, அவ்வளவுதான். யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை. அதில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் இருக்கும். வினாத்தாள் எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டும், போர்டில் எழுதுவது உங்கள் கைக்கு எப்படி வந்து சேரும், விடையை நீங்களே எழுதுவீர்களா, நீங்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்காது. அட்டையில் ஒரே சதவீதம் உள்ள இரண்டு பேருக்கு வேறு வேறு ஏற்பாடுகள் தேவைப்படலாம். நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன், தமிழ்வழியில். அங்கே நோயின் பெயரைச் சொல்லி எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. எந்த வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது என்று சொன்னபோதுதான் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

எனக்கு இருப்பது ஸ்டார்கார்ட் நோய். பரம்பரையாக வருவது, பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ தலைகாட்டும். விழித்திரையின் மையப்பகுதி கெட்டுவிடும், ஓரப்பகுதி நன்றாக இருக்கும். கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது. அதனால் நான் யாரையும் இடிக்காமல் நடப்பேன், மாடிப்படி ஏறுவேன், கைத்தடி வைத்துக்கொள்வதில்லை. ஆனால் எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. எதிரே நிற்பவரின் முகம், புத்தகத்தில் உள்ள எழுத்து, பஸ்ஸின் பலகை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் பார்வையைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். "பேசும்போது மூஞ்சியப் பாத்துப் பேசும்மா" என்று ஒரு பேராசிரியர் முதல் வாரமே சொன்னார். அவர் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவர் காதுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை, "பாத்தா நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சு. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி விழித்திரை பற்றி வகுப்பெடுக்கும் நிலைக்கு வந்துவிடுவோம். அது வீண். ஆபீஸில் இருக்கும் கிளார்க்குக்கு விழித்திரை தேவையில்லை. "சார், 12 பாயின்ட் எழுத்து எனக்குப் படிக்க வராது, 24 பாயின்ட்ல தந்தா படிப்பேன்" என்றால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே புரிகிறது.

ஆகவே யாரிடமும் எதுவும் கேட்கும் முன் நான் செய்யச் சொல்வது, ஒரு வாரம் கல்லூரிக்குப் போய்வந்து ஒரு குறிப்பு எழுதுவது. காலை முதல் மாலை வரை எங்கெல்லாம் தடுமாறினீர்கள்? போர்டு, புரொஜக்டர், ஜெராக்ஸ் நோட்ஸ், நோட்டீஸ் போர்டு, நூலகம், புள்ளியியல் அட்டவணை, இன்டர்னல் தேர்வு, செமஸ்டர் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எது இருந்தால் வேலை நடக்கும் என்று எழுதுங்கள். சிலவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. போர்டைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் தலையசைத்தால் போதும். சிலவற்றுக்கு ஆணை வேண்டும். இரண்டையும் பிரித்துக்கொண்டால் முதல்வரிடம் கொண்டுபோகும் பட்டியல் சின்னதாகிவிடும். சின்னப் பட்டியலுக்குத்தான் சீக்கிரம் கையெழுத்து விழும்.

பெரிய எழுத்து வினாத்தாள் பற்றி ஒரு விஷயம். "பெருசா வேணும்" என்று மட்டும் சொன்னால் ஏ4 தாளை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஏ4-லிருந்து ஏ3-க்குப் போனால் எழுத்து 141 சதவீதம்தான் ஆகும். 12 பாயின்ட் 17 பாயின்ட் ஆகும், 24 ஆகாது. போதாததற்கு மேசையை மூடும் அளவுக்கு ஒரு தாள், மங்கலான மை வேறு. கம்ப்யூட்டரில் உள்ள கோப்பையே 24 பாயின்ட்டுக்கு மாற்றி, சாதாரண ஏ4 தாளில், ஒற்றைப் பக்கமாக அச்சிடச் சொல்லுங்கள். உங்களுக்கு எது சரிப்படும் என்று வீட்டிலேயே 18, 20, 24, 28 என்று அச்சிட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அரை மணி நேரம் தொடர்ந்து படிக்க முடிகிற அளவுதான் உங்கள் அளவு. ஒரு வரியைச் சிரமப்பட்டுப் படித்துவிட்டு இதுவே போதும் என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி சட்டம். கொஞ்சம் வறண்ட பகுதி, ஆனால் இது கையில் இல்லாவிட்டால் கெஞ்சிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அரசு அங்கீகரித்த நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. எனவே தனியார் கல்லூரி என்பதால் விதிவிலக்கு கிடையாது. 17ஆம் பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரமும், ஸ்கிரைப் என்று நாம் சொல்லும் சொல்வதை எழுதுபவரும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். இவற்றை எப்படிச் செய்வது என்பதற்கு மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஸ்கிரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து ஸ்கிரைப் இல்லாமல் தாமே எழுதுபவருக்கும் 3 மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். இதற்குப் பிறகும் புதிய நெறிமுறைகள் வந்திருக்கின்றன, அதனால் விண்ணப்பிக்கும்போது மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை இணையதளத்திலிருந்து அப்போதைய நகலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2018 நெறிமுறையில் பலர் கவனிக்காத ஒரு இடம் உண்டு. பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்றுக்கும் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும். குறைபார்வை அந்த மூன்றில் இல்லை. என்னைப் போன்றவர்கள், எழுதுவதில் தடை இருக்கிறது, ஸ்கிரைப் அவசியம் என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி, சிவில் சர்ஜன் அல்லது மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட தனிச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் நெறிமுறையின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. கார்டை மட்டும் நம்பி இருந்துவிட்டு, ஹால் டிக்கெட் வந்த பிறகு இது தெரியவந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

படிவத்தை நீங்களே அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் தேடித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு நடந்தது இப்படி:

"கண்ணுதானேம்மா பிரச்சனை? கை நல்லாத்தானே இருக்கு? எழுத முடியாதுன்னு நான் எப்படிப் போடுறது?"

"கை எழுதும் டாக்டர். எழுதினத என்னால திரும்பப் படிக்க முடியாது. கோடு தாண்டிடும், எழுதின மேலயே எழுதிடுவேன். பாருங்க."

பையில் இருந்த பழைய இன்டர்னல் விடைத்தாளை எடுத்து நீட்டினேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்த பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கண் பரிசோதனை அறிக்கையோடு இந்த மாதிரி ஒரு தாளையும் எடுத்துப்போனால் பேச்சு பாதியாகக் குறையும்.

40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர் தொடர்ந்த வழக்கில், விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி, உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. ஸ்கிரைப் கேட்க 40 சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது என்பது அதன் சாரம். அதை ஒட்டி 2022 ஆகஸ்ட்டில் 40-க்குக் கீழுள்ளவர்களுக்குத் தனி நெறிமுறையே வந்தது. கல்லூரி ஆபீஸ்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. தீர்ப்பின் முதல் பக்கத்தையும் நெறிமுறையையும் மனுவோடு பின் செய்து கொடுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வாழ்க்கைக் கதை வேண்டாம், "ஏழை மாணவியாகிய நான்" வேண்டாம். என் மனுவின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இன்டர்னல், செமஸ்டர் தேர்வுகள் அனைத்திலும் 24 பாயின்ட் எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள். 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேர ஈடுசெய்யும் நேரம், குறைந்த நேரத் தேர்வுகளுக்கு அதே விகிதத்தில். செமஸ்டர் தேர்வுக்கு ஸ்கிரைப், தரைத்தளத்தில் தனி அறை. வகுப்பில் வழங்கப்படும் குறிப்புகள் யூனிகோடு எழுத்துருவில் கோப்பாக."

முதல்வருக்கு மனு. நகல் துறைத்தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும். சம வாய்ப்பு மையம் இருந்தால் அங்கேயும் ஒன்று. உங்கள் நகலில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் விழுந்த பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள். வாயால் "பண்ணிடலாம்மா" என்பவர் நல்லவராகவே இருப்பார், அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறிவிடுவார். இன்டர்னல் தேர்வையும் மனுவில் சேர்த்துச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் நடத்தும் செமஸ்டர் தேர்வுக்கு ஆணை கிடைத்துவிடும், வகுப்பறைத் தேர்வில் "இது சின்ன டெஸ்ட்தானே, சமாளிச்சுக்கோ" என்பார்கள். அந்தச் சின்ன டெஸ்டின் மதிப்பெண்ணும் பட்டத்தில்தான் சேர்கிறது.

"மத்த பிள்ளைங்களுக்கு இது அநியாயம் இல்லையா?" என்ற கேள்வியும் வரும், சில சமயம் சக மாணவர்களிடமிருந்தே. நான் வாதம் செய்ததில்லை. உருப்பெருக்கியைக் கையில் கொடுத்து, வினாத்தாளின் ஒரு பத்தியை அதன் வழியாக மட்டும் படித்துக் காட்டச் சொல்வேன். வரியின் கடைசிக்குப் போய் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்கிரைப் விஷயத்தில் நிறையச் சொல்ல வேண்டும். ஆணை கிடைப்பது எளிது, ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நீங்களே ஆள் கொண்டுவந்தால் அவர் உங்களைவிட ஒரு படி குறைந்த கல்வித்தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பது 2018 விதி. ஏமாற்று நடக்கக் கூடாது என்பது நோக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடமே தெரியாத ஒருவர் "சமநோக்கு வளைகோடு", "தேவை நெகிழ்ச்சி" என்று எழுதியாக வேண்டும். ஒற்று விட்டுப்போகும், ள-வும் ல-வும் இடம் மாறும். மதிப்பெண் குறைவது உங்களுக்கு. கல்லூரியே ஆள் தருவதாக இருந்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க அந்த நெறிமுறையில் அனுமதி உண்டு. அந்தச் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குப் பாடம் நடத்த முடியாது. பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஐம்பது அறுபது சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வறைக்குள் அந்தத் தாளைக் கொண்டுபோக முடியாது, ஆனால் கை பழகியிருக்கும்.

சொல்வதற்கும் ஒரு பயிற்சி தேவை. மனதுக்குள் இருப்பதை எழுதுவது வேறு, வாயால் வாக்கியமாகச் சொல்வது வேறு. தொடக்கத்தில் எல்லாரும் பேச்சுத்தமிழில் சொல்லத் தொடங்கிவிடுவோம், ஸ்கிரைப் "அப்படியே எழுதவா அக்கா?" என்று விழிப்பார். வீட்டில் பழைய வினாத்தாளை வைத்து, தம்பி தங்கை யாரையாவது உட்காரவைத்து, முழுத் தேர்வையும் சொல்லிப் பாருங்கள். "புதுப் பத்தி", "அடிக்கோடு", "அரைப்புள்ளி" என்று சொல்வது பழகிவிட வேண்டும். வினாத்தாளை முதலில் முழுதாக ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு வரிசையை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு விடை முடிந்ததும் கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கச் சொன்னால் போதும். முழுதும் வாசிக்கச் சொன்னால் கூடுதல் நேரம் அதிலேயே கரைந்துபோகும்.

பொருளாதாரத்தில் வரைபடம் இல்லாமல் முடியாது. "தேவைக் கோடு வரைங்க" என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்துக்கொண்ட முறை கடிகாரம். "கிடை அச்சில அளவு, குத்து அச்சில விலை. பத்து மணி பக்கத்துல தொடங்கி நாலு மணி பக்கம் இறங்குற கோடு. அதை எட்டு மணியிலேர்ந்து ரெண்டு மணிக்கு ஏறுற கோடு வெட்டணும். வெட்டுற புள்ளிக்கு ஈ-ன்னு பேரு." எந்தப் பிள்ளையும் இதைச் சரியாக வரைந்துவிடும். கணிதம், புள்ளியியல் படிப்பவர்கள் இதேபோல் அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சொல்லவும் ஒரு முறையை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்று ஆள் ஒருவரையும் சொல்லி வையுங்கள். ஸ்கிரைப்புக்கும் காய்ச்சல் வரும், அவர்களுக்கும் பள்ளியில் தேர்வு இருக்கும். அவசரத்துக்கு ஆளை மாற்றிக்கொள்ளவும், வெவ்வேறு தாள்களுக்கு வெவ்வேறு ஆள் வைத்துக்கொள்ளவும் 2018 நெறிமுறை இடம் தந்தது.

தேர்வு நாளன்று ஆணையின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் செமஸ்டரில், மூன்று மணி நேரம் முடிந்ததும் அறைக் கண்காணிப்பாளர் தாளை வாங்க வந்துவிட்டார். கூடுதல் நேரம் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆணை எங்கோ ஒரு மேசையில் இருந்திருக்கும். நகலை எடுத்துக் காட்டினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டுத் திரும்ப வந்து, விசாரிப்பில் போன நேரத்தையும் சேர்த்தே கொடுத்தார். நல்ல மனிதர். நகல் இல்லாமல் இருந்திருந்தால் அவர் நல்ல மனிதராக இருந்தும் எனக்குப் பயன் இருந்திருக்காது. அடுத்த செமஸ்டரிலிருந்து தேர்வு தொடங்கும் முன்பே முதல் வேலையாக நகலைக் கொடுத்து, முடியும் நேரத்தைப் பலகையில் எழுதச் சொல்லிவிடுவேன்.

இனி நோட்ஸ். திரைவாசிப்பான் மென்பொருள் வைத்துக் கேட்டுப் படிப்பவர்களுக்குத் தமிழில் ஒரு தனிச் சோதனை இருக்கிறது. பல பேராசிரியர்களின் பழைய குறிப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் "அம்மா" என்று தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை "எம் கே செமிகோலன் கே எச்" என்று வாசிக்கும். எல்லா மென்பொருளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒட்டினால் நொடியில் மாறிவிடும். ஆகவே பேராசிரியரிடம் "மாத்தித் தாங்க" என்று கேட்காமல் "இருக்குற மாதிரியே வேர்ட் ஃபைலாத் தாங்க, நான் மாத்திக்கிறேன்" என்று கேளுங்கள். அவருக்கு வேலை இல்லை என்றால் தயக்கமும் இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான் மோசம். அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளில் போட்டுப் பிழைதிருத்த வேண்டும், அட்டவணை என்றால் இன்னும் பாடு.

"ஃபைலாக் கொடுத்தா எல்லாருக்கும் பரவிடும்" என்றார் ஒருவர். அந்தப் பயம் நியாயமானது. வெளியே பகிர மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், கோப்பு வந்தது. பாடப்புத்தகங்களுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், குறைபாடு உள்ளவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அச்சு நூல் படிக்க முடியாதவர்கள் உறுப்பினராகலாம். தமிழ்ப் பாடநூல்கள் நாம் விரும்பும் அளவுக்கு இல்லை என்பது என் அனுபவம், ஆனாலும் தேடிவிட்டு இல்லையென்றால் மாற்றுவது நல்லது. ஒரே புத்தகத்தை ஊருக்கு ஒருவர் உட்கார்ந்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம்.

வகுப்பில் எல்லாரிடமும் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். அது உங்கள் விருப்பம். நான் பக்கத்தில் உட்காருபவர்களிடம் மட்டும் சொன்னேன், அதுவும் "எதிர்ல வந்தா பேர் சொல்லிக் கூப்பிடுங்க, சிரிச்சா எனக்குத் தெரியாது" என்பதற்காக. திமிர் பிடித்தவள் என்ற பெயர் அதோடு போனது.

மறுத்தால்? எதற்காக மறுக்கிறீர்கள் என்று எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றவுடனேயே பாதி மறுப்புகள் "பாக்கலாம்மா" என்று இறங்கிவிடும். இறங்காவிட்டால், அரசு நிறுவனம் என்றால் 23ஆம் பிரிவின்படி குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் போங்கள். அடுத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அதற்கும் மேலே மாநில ஆணையர். அந்தப் படிக்கெல்லாம் எனக்கு வேலை வரவில்லை. ஆனால் மனுவின் கடைசியில் நகல் பெறுபவர்களாக அந்த அலுவலகங்களின் பெயர் இருந்தது, அதை ஆபீஸில் வாசித்துப் பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் காகிதங்கள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஆணைகள், மருத்துவச் சான்று, முத்திரை விழுந்த நகல்கள் எல்லாவற்றையும் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் காலாவதித் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலருக்கு நிரந்தரம், சிலருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும். தேர்வு நேரத்தில் காலாவதியானால் புதுப்பிக்க ஓட வேண்டியிருக்கும்.

எம்.ஏ. சேர்ந்த இடத்தில் எல்லாமே மறுபடி முதலிலிருந்து. பழைய ஆணையைக் காட்டியதும் அலுவலகத்தில் இருந்த அக்கா, "இதையே காலேஜ் பேரை மட்டும் மாத்தி டைப் பண்ணிடவாம்மா?" என்று கேட்டார். பண்ணுங்க அக்கா, ஆனா அந்த 24-ஐ 28-ஆ மாத்திடுங்க என்றேன். மூன்று வருடத்தில் பார்வை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.